பாசிக்குள் வீசு!

ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் 7 ஜிக்கை எங்கள் ஊர் ஏரிக்குத் தானம் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தவன், எட்டரைக்குள் பெட்டி காலி. எல்லாமே சின்ன ஜிக்குகள். 1.8 கிராம் ஈயத்தலை, ஒரு முள், அதில் கோத்த ரப்பர் வால். வீசினால் விழுந்த இடத்திலேயே பாசி பிடித்துக்கொள்ளும். இழுத்தால் ஒரு கூடைப் பாசி வரும், இல்லையென்றால் தூண்டில் நரம்பு அறுந்து மொட்டையாக வரும். மீன் மட்டும் வராது.

ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்ன தம்பி, பட்டுச்சா?"

"எங்க தாத்தா... ஒரே பாசி. இந்த ஏரியே சரியில்ல."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோலை நீட்டிப் பாசித்திட்டின் நடுவைக் காட்டினார். அங்கே ஓர் இலை அசைந்தது. 'பொளக்' என்று ஒரு குமிழி உடைந்தது. விரால் மூச்செடுக்க மேலே வந்துவிட்டுப் போயிருக்கிறது.

"ஏரி சரியாத்தான் இருக்கு. அவன் அங்க இருக்கான். நீதான் இங்க உக்காந்திருக்க."

ஆடுகள் போய்விட்டன. அந்தச் சொல் போகவில்லை. தம்பி, இத்தனை வருஷம் கழித்து அதை உன் முதுகில் இறக்கி வைக்கத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன். தங்கச்சி, தூண்டில் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனைக் கரையில் விட்டுவிட்டு நீயும் வா.

விரால் எங்கே இருக்கும்? காற்றை நேராகக் குடிக்கத் தெரிந்த மீன் அது. தண்ணீரில் பிராணவாயு குறைந்து மற்ற மீன்கள் திணறும் இடத்திலும் கவலையில்லாமல் கிடக்கும். ஆகாயத்தாமரை வேர்களின் நிழல், அல்லி இலையின் அடி, கோரைப்புல் விளிம்பு: தவளையும் குஞ்சு மீனும் எங்கே ஒளிகின்றனவோ அங்கேதான் அதன் சாப்பாட்டுக்கடை. கண்ணாடி மாதிரித் தெரியும் வெற்றுத் தண்ணீரில் அதற்கு என்ன வேலை? ஆனால் நாம் எல்லோரும் அங்கேதான் வீசுகிறோம். சிக்காது, அறுக்காது, பக்கத்தில் நிற்பவன் சிரிக்கமாட்டான். அதனால்தான் அந்தத் தண்ணீரில் மீனைவிடத் தூண்டில் அதிகம்.

படிப்பில், வேலையில், தொழிலில் நீ எங்கே வீசிக்கொண்டிருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உனக்கே தெரியும். சிக்கும் என்று பயந்து நீ தள்ளி வைத்திருக்கும் அந்த இடத்தைத் தாத்தாவின் கோல் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

நான் மறுநாளே நகரத்துக் கடைக்குப் போனேன். முள்ளில் பாசி மாட்டாமல் இருக்க 'வீட் கார்டு' வைத்த ஜிக் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. 7 கிராம், 14 கிராம். முள் முன்னால் துடைப்பம் மாதிரி ஒரு கற்றை நைலான். அமெரிக்காவின் பாஸ் மீனுக்காக, கட்டையான ராடுக்காக, தடித்த நரம்புக்காகச் செய்தது. என் ராடோ மெலிசு. நரம்போ 6 பவுண்டுதான் தாங்கும். அந்தக் கற்றையை நான் கட்டைவிரலால் அழுத்தியே மடக்க முடியவில்லை. ஒரு கிலோ விரால் வாயால் எப்படி மடக்கும்?

"சின்னதுல இல்லையா அண்ணே?"

"சின்னதுல வராது தம்பி."

வராது! இந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம்! அவர் சொன்னதில் பொய்யில்லை, அவர் கடைக்கு அது வராது. அதை 'உலகத்திலேயே கிடையாது' என்று மொழிபெயர்த்துக்கொண்டது யார்? நாம்தான். உன் கைக்கு, உன் நரம்புக்கு, உன் ஏரிக்கு அளவெடுத்து எவனும் பொருள் செய்யவில்லை என்றால், அது உன் குறையா? உனக்காக யாரோ காலியாக விட்டுவைத்த நாற்காலி அது. போய் உட்கார்!

ஃபின்லாந்தில் லவுரி ரபாலா என்று ஒருவர் இருந்தார். பைய்யான்னே ஏரியில் மீன்பிடித்துக் குடும்பத்தைக் காத்த ஏழை. அடிபட்டு ஒருபக்கம் சாய்ந்து நீந்தும் குஞ்சு மீனைத்தான் பெரிய மீன்கள் முதலில் பாய்ந்து கவ்வுகின்றன என்று படகில் உட்கார்ந்தே கவனித்தார். 1936-ல் அந்தச் சாய்ந்த நீச்சலை நீந்தும் பொய்மீன் ஒன்றைச் செய்தார். எதை வைத்து? தக்கை, செருப்புத் தைப்பவரின் கத்தி, உப்புத்தாள். பளபளப்புக்கு சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். தண்ணீர் புகாமல் பூச, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிய குழம்பு. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் இதழ் அவரைப் பற்றி எழுதியது. மறைந்த நடிகை மர்லின் மன்றோ அட்டையில் இருந்ததால் அந்த இதழை நாடே வாங்கியது. குப்பைக்குப் போகவேண்டிய வெள்ளித்தாளில் பிறந்த மீனைக் கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. ஒகையோவின் ஏக்ரன் நகரத்தில் நிக் க்ரீம் என்ற மெஷின் தொழிலாளி 1949-ல் தம் வீட்டிலேயே பிளாஸ்டிக் புழுவைக் காய்ச்சி வார்த்ததும் இதே சாதிதான். நம் ஜிக்கின் ரப்பர் வால் எல்லாம் அந்தப் புழுவின் பேரப்பிள்ளைகள்.

இவர்களிடம் தன்னம்பிக்கை இருந்தது, அதனால் செய்தார்கள் என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கத்தியை எடுத்தார்கள். முதல் மீன் கோணலாக நீந்தியிருக்கும். இன்னொன்று செதுக்கியிருப்பார்கள். நம்பிக்கை நடுவில் எப்போதோ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நெஞ்சில் பொங்கட்டும் என்று காத்திருக்காதே தம்பி. அது விரலில்தான் முதலில் வரும்.

சரி, விரலுக்கு வேலை கொடுப்போம்.

ஜிக்கைக் கையில் எடுத்துப் பார். ஈயம் கனம். அதனால் தண்ணீரில் தலையின் வயிறு கீழே தாழும், முள்ளின் நுனி வானம் பார்க்கும். நரம்பு கட்டும் வளையமும் மேலேதான் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து முள் நுனி வரை சாய்வாக ஒரு தடுப்பு இருந்தால், வருகிற பாசி அதன் மேலேறி நுனியைத் தாண்டி வழுக்கிவிடும். கடைக்காரருக்கு அது வீட் கார்டு. நான் காப்பு என்கிறேன். கையில் போடுவதும் காப்புதான், பிள்ளைக்கு மந்திரித்துக் கட்டுவதும் காப்புதான், முள்ளுக்கு மட்டும் வேறு பெயர் எதற்கு?

பெரிய ஜிக் என்றால் தலையில் துளை போட்டு நைலான் கற்றையைச் செருகி ஒட்டலாம். 1.8 கிராம் தலை ஒரு பச்சைப்பட்டாணியைவிடச் சின்னது. துளைக்கு இடமில்லை, போட்டாலும் உள்ளே முள்ளின் தண்டு இடிக்கும். அதனால் கழுத்தில் கட்டு. தடித்த தூண்டில் நரம்பு, 0.5 மில்லிமீட்டர், ஒரு சாண் போதும். அதை 'V' போல மடி. மடிப்பு தலைக்குப் பின்னால் கழுத்தில் உட்காரட்டும், இரண்டு கால்களும் முள் நுனியைப் பார்க்கட்டும். தையல் நூலால் இறுக்கிப் பத்துச் சுற்று. இப்போது கால்கள் தண்டோடு படுத்துவிடும். பயப்படாதே. கால்களுக்கு அடியில், பின்பக்கமாக, நூலைக் குவித்துக் குவித்து ஒரு சின்ன மேடு கட்டு. மேடு ஏற ஏறக் கால்கள் நிமிரும். முள் நுனிக்கு இருபுறமும் ஆளுக்கொன்றாக நிற்கும்போது நிறுத்து. நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டு. ஊதுபத்திக் கங்கை வெட்டுவாயில் காட்டினால் நரம்பு உருகிக் கடுகு மாதிரி உருளும், பாசி கீறாமல் வழுக்க அது நல்லது. கடைசியாக நூல்கட்டின் மேல் ஃபெவிக்விக் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு கால்களில் ஏறிவிட்டால் அவை குச்சியாகிவிடும், அப்புறம் அவிழ்த்துப் போட்டு முதலிலிருந்துதான்.

நரம்புக்குப் பதிலாகக் கிட்டாரின் முதல் தந்தியும் ஆகும். 0.25 மில்லிமீட்டர் எஃகு, துள்ளி எழும், துருவும் பிடிக்கும். சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்தால் கிடைக்கும் ஒற்றை இழையும் ஆகும், ஆனால் அது முறுக்கிலேயே வளர்ந்தது, நேராக்குவதற்குள் உன் பொறுமை நேராகிவிடும். கம்பி வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள், துண்டு கண்ணைத்தான் தேடும். ஏரிக்கரையில் நின்றபடி அவசரம் என்றால் ஒரு சின்ன ரப்பர் பேண்டை வளையத்தில் மாட்டி இழுத்து முள் நுனியில் கோத்துவிடு. மீன் கவ்வினால் கழன்றுவிடும்.

தென்னை ஈர்க்கை நானும் யோசித்தேன். யோசித்தது மட்டுமா, செய்தும் விட்டேன். நம்ம ஊர்ப் பொருள் ஆயிற்றே என்று பெருமையோடு கிழித்துக் கட்டினேன். காய்ந்தது மூன்றாம் வீச்சில் ஒடிந்தது, பச்சை ஈர்க்கு ஊறிக் கீரைத்தண்டு மாதிரி தொங்கியது. பெருமை தண்ணீரில் நிற்காது என்று அன்று புரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் அந்தப் பெரியவரைத் தேடிக்கொண்டே ஏரிக்குப் போனேன். கையில் என் கண்டுபிடிப்பு. துணி துவைக்கும் பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய நைலான் மயிர், ஒரு ஜிக்குக்கு இருபது. முள்ளைச் சுற்றி வேலியே போட்டிருந்தேன். நேராகப் பாசித்திட்டின் நடுவில் வீசினேன். அட, சிக்கவில்லை! அல்லி இலைமேல் ஏறி இறங்கியது, கோரைக்குள் நுழைந்து வெளியே வந்தது. ஓர் இழை பாசி ஒட்டவில்லை. ராஜா மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு விரால் அடித்தது. ராடு குலுங்கியது, சுண்டினேன், காற்று. மறுபடி அடித்தது. காற்று. மூன்றாவது அடியில் ஜிக்கைக் கரைக்கு இழுத்துப் பார்த்தேன். ரப்பர் வாலில் பல் பதிந்திருந்தது. முள்ளில் ஒன்றுமில்லை. வேலி அப்படியே விறைப்பாக நின்றது.

தம்பி, பாசியும் தொடாத, மீனும் தொடாத முள் ஒன்றை நான் செய்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் நில். நம்மில் பாதிப்பேர் இந்த ஜிக்தான். ஒருமுறை நாலுபேர் முன்னால் தடுமாறிவிட்டோம், ஒரு நேர்காணலில் வெளியே அனுப்பப்பட்டோம், ஓர் உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். உடனே இருபது இழை வேலி! இனிமேல் எதுவும் குத்தாது. கேலி ஒட்டாது, தோல்வி ஒட்டாது. வருஷங்கள் சிக்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வாய்ப்பு வந்து பல் பதிய மூன்று முறை அடித்துவிட்டுப் போகும். உன் முள் வெளியே வராது. அப்புறம் 'எனக்கு அதிர்ஷ்டம் இல்லை' என்பாய். அடேய், அதிர்ஷ்டம் அடித்துக்கொண்டேதான் இருந்தது, நீ மடங்கவில்லை!

காப்பு மடங்கவேண்டும். பாசிக்கு மடங்காமல், மீனுக்கு மடங்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, 1.8 கிராம் ஜிக்கில், மிக மிகக் குறுகலானது. பெரிய ஜிக்குக்காரன் தடிக்கம்பை வைத்துச் சுண்டி எந்தக் காப்பையும் மடக்கிவிடுவான். மெல்லிய ராடும் 6 பவுண்டு நரம்பும் வைத்திருக்கும் உனக்கும் எனக்கும் அந்த வசதியில்லை. நாம் அளந்துதான் பிழைக்கவேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பள்ளியில் பௌதிகம் எதற்கு என்று கேட்ட ஆள் என்றால் இதைக் கேள். உருண்டையான இழையின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் படியில் ஏறும். தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு 16 மடங்கு. 0.5 மில்லிமீட்டர் நரம்புக்குப் பதில் 0.6 போட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்பு இரண்டு மடங்கு! நீளம் எதிர்த்திசையில் வேலை செய்யும்: நீளம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. ஆக, மடங்கவில்லையா? இழையை மாற்று, அல்லது எண்ணிக்கையைக் குறை, அல்லது நூல்கட்டை முள் நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக் காலை நீளமாக்கு. ரொம்ப மடங்குகிறதா? ஒரு மில்லிமீட்டர் குட்டையாக்கு. அழுதுகொண்டு உட்காராதே, மாற்றுவதற்கு உன் கையில் மூன்று திருகாணி இருக்கிறது.

அன்று ராத்திரி இருபது இழையில் இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு சோதனை. முதலாவது சமையலறைத் தராசு. தட்டில் ஒரு பழைய பல்பத் துண்டை நிறுத்தி, அதன்மேல் காப்பை அழுத்தினேன். முள் நுனி வெளியே எட்டிப் பார்க்கும்போது தராசு என்ன காட்டுகிறது? 20 இழைக்கு அரைக் கிலோவைத் தாண்டிப் போனது. 100 கிராம் ஓரத்துக்கு வந்தபோது கையில் மிஞ்சியவை நாலு இழைகள்தான். இரண்டாவது சோதனை துவாலை. பூத்துவாலையைக் கட்டிலில் விரித்து, நரம்பில் கட்டிய ஜிக்கை அதன்மேல் மெல்ல இழுத்தேன். நூல் வளையங்களில் மாட்டாமல் முனை வரை வந்தால் பாசியில் தப்பும்.

"ராத்திரி பதினொரு மணிக்குத் துவாலைய எதுக்குடா கிழிக்கிற?" அம்மாவுக்குத் தூக்கம் கலைந்திருந்தது.

"கிழிக்கலம்மா. கிழிக்குதான்னு பாக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. தராசையும் கழுவி வை."

அம்மா சொன்னதில் அவரே அறியாத ஒரு நியாயம் இருந்தது. ஈயம் விஷம். ஜிக்கைத் தொட்ட கையோடு சாப்பிடாதே. ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நசுக்குவதை எங்கள் ஊரில் வீரம் மாதிரிச் செய்வார்கள், அதைச் செய்யாதே. வீட்டடுப்பில் ஈயம் உருக்கவே கூடாது. நாம் காப்பு மட்டும்தான் செய்கிறோம், தலையை வாங்கிக்கொள்வோம். அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987-ல் சின்ன ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடுத்தது. கனடா தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய ஜிக்கையும் குண்டையும் 1997 முதல் அனுமதிப்பதில்லை. பாசியில் அறுந்து தங்கும் ஒவ்வொரு ஜிக்கும் ஏரிக்கு நாம் ஊட்டும் விஷம். காப்புக் கட்டுவது பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் என்று நினைத்திருந்தால், இன்னொரு முறை நினை.

அப்புறம், ஏரி குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு வீசு. செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கொத்தாக மேலே மொய்த்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் காவலைத் தூண்டிலால் கலைப்பதற்குப் பெயர் திறமை இல்லை.

இனி உன் சாக்குகளுக்கு வருகிறேன். 'எனக்குக் கைவேலை வராது.' சட்டைப் பொத்தான் தைத்திருக்கிறாயா? அதே பத்துச் சுற்றுதான். 'நேரமில்லை.' ஒரு காப்புக்குக் கால்மணி நேரம் ஆகும். நீ நேற்றுப் படுக்கையில் கிடந்து ஃபோனில் கட்டைவிரலால் தள்ளிவிட்ட அடுத்தவன் மீன்களை எண்ணிப் பார். 'அசிங்கமாக இருக்கும்.' ஆமாம், இருக்கும்! என் முதல் ஆறு காப்புகளும் கரப்பான்பூச்சி மாதிரி இருந்தன. விரால் அழகுப் போட்டிக்கா வருகிறது? 'தோற்றுவிட்டால்?' தோற்றாய் என்றால் ஒரு சாண் நரம்பும் ஒரு முழம் நூலும் போயிற்று. இதைவிட மலிவாகத் தோற்க இந்த நாட்டில் வேறெங்கே இடம் கிடைக்கும்? வாங்கித் தின்று பழகிய கைக்குச் செய்யும் சூடு ஒருமுறை ஏறட்டும். அப்புறம் பார், 'வராது' என்று எவன் சொன்னாலும் அவன் கடையையே நீ புதுக்கண்ணால் பார்ப்பாய்.

மூன்றாவது ஞாயிறு. நாலே இழை வைத்த காப்பு. அதே பாசித்திட்டு. முதல் வீச்சு இலைமேல் விழுந்தது, மெல்ல இழுத்தேன், விளிம்பில் 'டொப்' என்று இறங்கியது. இறங்கும்போதே நரம்பு பக்கவாட்டில் ஓடியது. சுண்டினேன். இந்த முறை காற்று இல்லை, கனம். தலையை ஆட்டி ஆட்டி அது பாசிக்குள்ளேயே புகப் பார்த்தது. மெல்லிய ராடு வில்லாக வளைந்து உடையப்போகிறது என்று நினைத்தேன். உடையவில்லை. முக்கால் கிலோ இருக்கும் விரால், மேல் உதட்டில் முள் கச்சிதமாக ஏறியிருந்தது. காப்பின் நாலு இழையும் கன்னத்தோடு ஒட்டிப் படுத்திருந்தன. கழற்றியதும் ஒவ்வொன்றாக எழுந்து மறுபடி முள்ளுக்கு முன்னால் போய் நின்றன.

அன்றும் இரண்டு ஜிக் போயிற்று. ஏழு இல்லை, இரண்டு. பெரியவர் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்த இரண்டைப் பற்றித்தான் கேட்டிருப்பார்.

ஒரு விஷயம் மறந்துவிட்டேன். நைலான் தண்ணீரைக் குடித்து இளகும். காய்ந்தபடி சோதித்துச் சரியாக இருந்த காப்பு ஏரியில் ஒருமணி நேரத்தில் தளர்ந்துவிடும். அதனால் கட்டிமுடித்ததும் ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டு, காலையில் ஈரத்தோடு இன்னொரு முறை தராசில் அழுத்திப் பார். குடிக்கிற டம்ளரில் போடாதே. எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு கொட்டாங்குச்சி, கொல்லைப்படி ஓரத்தில், நாய் எட்டாத உயரத்தில் இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது அதில் ஐந்து ஜிக் ஊறிக்கொண்டிருக்கின்றன. நாளை ஞாயிறு. ஐந்தே காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன், துவாலையை அம்மா ஒளித்துவைத்துவிட்டார்.